ஓட்டை அடைக்க ஒருவன், லாபம் அள்ள மூவரா?

மில் கேட்டிலும் களத்து மேட்டிலும் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி நம்மிடம் வருகிறது. "செல்போனில் அப்டேட் செய், அப்டேட் செய் என்று வந்துகொண்டே இருக்கிறதே, தோழர், இது என்ன விஷயம்? அமுக்கலாமா, கூடாதா? இதிலும் ஏதாவது மோசடி இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சிலர் பயந்துகொண்டு அமுக்குவதே இல்லை. சிலர் டேட்டா தீர்ந்துபோகும் என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறார்கள்.

கேள்வி சிறியதுதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால், அது நம்மை உழைப்புக்கும் மூலதனத்துக்கும் நடக்கும் பழைய வழக்கின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவேதான் கம்ப்யூட்டர் உலகத்துச் சாமான் ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். அதன் பெயர் லிப்எக்ஸ்எஸ்எல்டி. பெயர் வாயில் நுழையாது. தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது என்ன சாமான்?

நெசவு தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு தறியில் பாவும் ஊடையும் மாறுவதில்லை. மேலே தொங்கும் அட்டையை மாற்றினால் கரையில் மயில் வரும். வேறு அட்டை போட்டால் மாங்காய் வரும். கம்ப்யூட்டரில் இருக்கும் தகவல்தான் நூல். அதை எந்த உருவில் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்த தாள்தான் அட்டை. அந்தத் தாளுக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். நூலையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு சேலையை நெய்து கொடுக்கத் தறி ஒன்று வேண்டுமல்லவா? அந்தத் தறிதான் லிப்எக்ஸ்எஸ்எல்டி.

இந்த அட்டையை எழுதும் முறைக்கு எக்ஸ்எஸ்எல்டி என்று பெயர். 1999-ம் வருஷம் நவம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதன் முதல் விதிகளை வெளியிட்டது. அதன்படி வேலை செய்யும் இந்தத் தறியை டேனியல் வேயார் என்ற புரோகிராமர் 2001-ம் வருஷத்தில் க்னோம் என்ற பொதுத் திட்டத்துக்காகச் செய்து கொடுத்தார்.

இது பொதுச் சொத்து. உள்ளே இருக்கும் சக்கரம், பல், ஆணி எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுக்கலாம், தன் சரக்கோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். இப்படிப்பட்ட சாமானைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். எழுதியவர் பெயரும் அனுமதி வாசகமும் உள்ள சீட்டைக் கிழித்தெறியக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. அந்தச் சீட்டில் இன்னொரு விஷயமும் சொல்லியிருக்கிறது: சாமான் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது. இதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இந்தத் தறி எங்கெல்லாம் ஓடியிருக்கிறது? ஆப்பிள் கம்பெனியின் ஐபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடியிருக்கிறது. கூகிள் கம்பெனியின் குரோமில் ஓடியிருக்கிறது. குரோமை அடிப்படையாக வைத்துச் செய்த மைக்ரோசாப்ட் கம்பெனியின் எட்ஜில் ஓடியிருக்கிறது. பஞ்சாலைத் தோழர் ஒருவர் தன் சட்டைப் பையில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தாரே, அதன் வயிற்றுக்குள்ளும் இது இருந்திருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய மூன்று கம்பெனிகள் தங்கள் சரக்குக்குள் வைத்துக் கோடிக்கணக்கான ஜனங்களின் கையில் கொடுத்த சாமான் இது.

ஓட்டை என்றால் என்ன?

மில்லில் ஒரு தொழிலாளி ரிடையர் ஆகிறார். அவருடைய பெட்டியைப் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் பழைய சாவியைத் திருப்பி வாங்க ஆபீஸ் மறந்துவிடுகிறது. அந்தச் சாவி கெட்டவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? பையனின் சாமானைத் திருடலாம். திருட்டுச் சாமானை உள்ளே வைத்து அவன் தலையில் கட்டலாம்.

கம்ப்யூட்டரின் ஞாபகத்திலும் இப்படிப் பெட்டிகள் உண்டு. ஒரு பெட்டியைக் காலி செய்துவிட்டேன் என்று சொன்ன புரோகிராம், பிறகும் பழைய சாவியால் அதையே திறந்து உள்ளே இருப்பதைத் தன்னுடையது என்று நம்பி எடுத்தால், அதுதான் ஓட்டை. இதை அறிந்த வஞ்சகன் ஒருவன், நடுவில் அந்தப் பெட்டிக்குள் தன் சரக்கை வைக்க வழி தேடுவான். அவன் வெற்றி பெற்றால் உங்கள் கருவி அவன் பேச்சைக் கேட்டு ஆடத் தொடங்கும். கூலிப் பணம் வந்து விழும் பாங்கிக் கணக்கும் அதே கருவியில்தானே இருக்கிறது!

லிப்எக்ஸ்எஸ்எல்டியில் இதே ரகத்தில் இரண்டு ஓட்டைகள் அகப்பட்டன. சி.வி.இ. 2024-55549, சி.வி.இ. 2025-24855 என்பவை உலகப் பதிவேட்டில் அவற்றின் நம்பர்கள். 2025 மார்ச்சில் வந்த 1.1.43-ம் பதிப்பில் இரண்டும் அடைக்கப்பட்டன. இப்படிக் கடைசி நம்பர் ஒன்று ஏறினால், புதுத் தறி வந்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் பழைய தறிக்குப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். போனில் வரும் அப்டேட்டில் பெரும் பகுதி இந்த மராமத்து வேலைதான்.

மராமத்து தானாக நடக்காது. அதைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

ஃபிட்டருக்குக் கூலி இல்லை

மூன்று ராட்சசக் கம்பெனிகள் நம்பியிருக்கும் சாமானுக்கு மூவாயிரம் ஃபிட்டர்கள் இருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நிலைமை என்ன? வருஷக் கணக்கில் இந்தத் தறியையும், இதற்கு நூல் எடுத்துக் கொடுக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சகோதரச் சாமானையும் பராமரித்த சுமையில் பெரும் பகுதி நிக் வெல்ன்ஹோஃபர் என்ற ஒரே மனிதரின் தோளில் இருந்தது. அவர் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இருந்து இதைச் செய்தவரல்ல, தொண்டர்.

2025-ம் வருஷத்தில் அவர் தம் நிலைமையைப் பகிரங்கமாகச் சொன்னார். வெளியார் அனுப்பும் பாதுகாப்புப் புகார்களைப் பார்ப்பதிலேயே வாரந்தோறும் பல மணி நேரம் போய்விடுகிறது. சம்பளமில்லாத தொண்டனால் இதை நீடித்துச் செய்ய முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். லிப்எக்ஸ்எஸ்எல்டி பொறுப்பிலிருந்து அவர் விலகினார். லிப்எக்ஸ்எம்எல்2 விஷயத்தில், பாதுகாப்புக் குறைகளுக்கென்று இனித் தனி ரகசியமோ தனிக் கெடுவோ கிடையாது; மற்றக் குறைகளைப் போலவே அவையும் பகிரங்கமாக வைக்கப்படும், நேரம் கிடைக்கும்போது சரி செய்யப்படும் என்று அறிவித்தார். அந்த வருஷம் முடிவதற்குள் அந்தப் பொறுப்பையும் விட்டுவிட்டார்.

புகார்களை அனுப்பியது யார்? கூகிள் கம்பெனி ப்ராஜெக்ட் ஜீரோ என்று ஒரு குழுவை நல்ல சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. ஓட்டை கண்டுபிடிப்பது அவர்கள் தொழில். கண்டுபிடித்ததைப் பராமரிப்பவருக்கு ரகசியமாகச் சொல்வார்கள். 90 நாள் கெடு உண்டு. கெடு முடிந்தால் ஊரறிய வெளியிடுவார்கள். மேலே சொன்ன இரண்டு ஓட்டைகளும் இவர்கள் கண்டுபிடித்தவைதான்.

அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான்; ஓட்டையைக் கண்டுபிடிப்பது ஜனங்களுக்கு நன்மையான வேலை. ஆனால் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். மில் முதலாளி ஒருவன் சம்பளம் கொடுத்து இன்ஸ்பெக்டர் வைக்கிறான். இன்ஸ்பெக்டர் தறி தறியாகப் பார்த்து, 90 நாளில் சரி செய் என்று சீட்டு எழுதுகிறார். சீட்டு யார் கைக்குப் போகிறது? ராத்திரியில், வீட்டு வேலையெல்லாம் முடித்த பிறகு, ஊர்ப் பொதுத் தறி கெட்டுவிடக் கூடாதே என்று இலவசமாக வந்து பழுது பார்க்கும் ஃபிட்டரின் கைக்குப் போகிறது! இன்ஸ்பெக்டருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, ஃபிட்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா?

2025 ஜூலையில் இதே தறியில் மேலும் இரண்டு ஓட்டைகள், சி.வி.இ. 2025-7424, 7425 என்ற நம்பர்களோடு வெளிவந்தபோது, பழைய ஃபிட்டர் போய்விட்டிருந்தார்.

ரகசியம் காக்க மாட்டேன் என்று ஒரு தொண்டர் சொல்வது பொறுப்பில்லாத காரியம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நமக்கு இந்த முணுமுணுப்பு புதிதல்ல. ஓவர்டைம் கூலி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க மாட்டோம், விதிப்படி வேலை செய்வோம் என்று நம் தோழர்கள் சொன்ன நாளெல்லாம், "உற்பத்தி என்ன ஆவது? நாடு என்ன ஆவது?" என்று முதலாளிகள் கண்ணீர் விட்டதை நாம் பார்த்திருக்கிறோம். வெல்ன்ஹோஃபர் நம் கொள்கைக்காரர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் எடுத்த ஆயுதம் உழைப்பாளிகள் எல்லோருக்கும் தெரிந்த ஆயுதம்.

முன்பும் நடந்திருக்கிறது

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை உலகத்தையே உலுக்கியது. பாங்கி, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் தங்கள் ரகசியங்களைப் பூட்டி அனுப்ப நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பூட்டில் இருந்த ஓட்டை அது. 2012-ல் நுழைந்து இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. விசாரித்துப் பார்த்தால், அந்தப் பூட்டைப் பராமரிக்க முழு நேர ஆள் ஒருவர்தான். நன்கொடையாக வருஷத்துக்கு வந்தது சுமார் 2,000 டாலர். வீடு தீப்பிடித்த பிறகு பெரிய கம்பெனிகள் ஓடி வந்து, தலைக்கு வருஷம் ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று வருஷம் கொடுப்பதாக நிதி திறந்தன. அவர்களால் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

2024 மார்ச்சில் நடந்தது இதைவிடப் பயங்கரம். எக்ஸ்இசட் என்ற பொதுச் சாமானையும் ஒரே தொண்டர்தான் பராமரித்து வந்தார். களைத்துப் போயிருந்த அவருக்கு உதவி செய்வதாக ஜியா டான் என்ற பெயரில் ஒருவன் வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக நடித்தான். "ஏன் தாமதம், வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடு" என்று வேறு சில பெயர்களில் கடிதங்களும் வந்து அவரை நிர்ப்பந்தித்தன. பொறுப்பு கைக்கு வந்ததும் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை அவன் செருகிவிட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர், தம் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அரை செகண்டு தாமதிக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் உலகம் தப்பியது.

ஓட்டையை அடைக்கும் அப்டேட்டே விஷம் சுமந்து வரவும் கூடும் என்பதை இது காட்டிவிட்டது. களைத்துப் போன ஒற்றை ஆளிடம் ஊர் ஏரியின் மதகை விட்டுவைத்தால், மதகைத் திருட வருகிறவனுக்கு வேலை சுலபம்.

இரண்டு வாதங்கள்

"அவன் விரும்பித்தானே செய்தான்? எடுத்துக்கொள் என்று எழுதியும் கொடுத்தான். நாங்கள் எடுத்தது சட்டப்படி சரிதானே?" என்று கம்பெனிக்காரர்களின் வக்கீல்கள் கேட்கலாம். சரி, சட்டப்படியே பேசுவோம். உத்தரவாதம் கிடையாது என்று அதே சீட்டில் எழுதியிருக்கிறதே, அதைப் படித்தீர்களா? உத்தரவாதம் இல்லாத சாமானை எடுத்துக் கோடிப் பேருக்கு விற்றவன் நீ. அப்படியானால் விற்ற சரக்குக்கு உத்தரவாதம் சொல்ல வேண்டியவன் நீயா, இலவசமாகக் கொடுத்தவனா?

நம் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். ஏரி பொதுவானது. ஐம்பது வேலி வைத்திருந்த மிராசுதாரும் அதில் பாய்ச்சினார், அரைக்காணிக் குடியானவனும் பாய்ச்சினான். ஆனால் குடிமராமத்து என்று ஆள் கூப்பிட்டபோது மண்வெட்டி தூக்கியது யார்? 1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை மாகாணத்தில் இதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. மண் சுமந்தவன் ஒருவன், மகசூல் கண்டவன் ஒருவன்; கரை உடைந்தால் மட்டும், "காவல் இருந்தவன் எங்கே?" என்ற அதட்டல். ஏரி பொதுவாக இருப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அதிகம் பாய்ச்சுகிறவன் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

இரண்டாவது வாதம்: "இலவசச் சரக்கு என்றால் இப்படித்தான், கம்பெனி பூட்டி வைத்து விற்கும் சரக்கே மேல்." இது பொய். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற விஷப் புரோகிராம் இங்கிலாந்தில் பொது ஆஸ்பத்திரிகளையே முடக்கியது. அது நுழைந்த ஓட்டை எங்கே இருந்தது? யாரும் திறந்து பார்க்க முடியாதபடி மைக்ரோசாப்ட் பூட்டி வைத்திருந்த விண்டோஸில் இருந்தது. பூட்டிய சரக்கிலும் ஓட்டை உண்டு. முதலாளி சொன்னாலன்றி வெளியே தெரிவது கடினம். திறந்த சரக்கில் எல்லோரும் பார்க்கலாம். ஆனால் பல பேர் பார்க்கலாம் என்பதாலேயே பழுது நீங்கிவிடாது. பார்க்கும் கண்ணோடு பழுது பார்க்கும் கையும் வேண்டும். அந்தக் கைக்குச் சோறும் வேண்டும்.

கூகிள் கண்ட தீர்வு

இத்தனைக்கும் பிறகு கூகிள் என்ன செய்தது? எக்ஸ்எஸ்எல்டியையே குரோமிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2025-ல் அறிவித்தது. வெகு சிலரே இதை உபயோகிக்கிறார்கள், பழைய தறி, ஆபத்து அதிகம் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இதில் நியாயம் அறவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். விரலை நசுக்கும் பழைய இயந்திரத்தை நிறுத்து என்று கேட்கிறவர்கள்தானே நாம்! ஆனால் அந்த இயந்திரம் ஏன் அப்படிப் பாழாயிற்று? பல வருஷமாக அதில் நெய்து விற்றவர்கள் பராமரிப்புக்கு ஒழுங்காக ஆள் போட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? அந்த அட்டைகளை நம்பிச் சின்னச் சின்னப் பக்கங்கள் எழுதியவர்கள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மசோதாக்களைக் காட்டக்கூட இந்த முறை பயன்பட்டிருக்கிறது. அவர்களெல்லாம் இனி வேறு வழி தேட வேண்டும். சாமான் பொதுவானது, ஆனால் அது ஜனங்களை அடையும் வாசல் கம்பெனியின் கையில் இருக்கிறது. இன்றைக்கு இது. நாளைக்கு இன்னொரு பொதுச் சாமானுக்கும் இதே கதிதான்.

கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

தொண்டர் கண் விழித்து ஓட்டையை அடைத்துவிட்டார் என்றே வையுங்கள். அந்த அடைப்பு நம் கைக்கு எப்போது வருகிறது? வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் போலத்தான். தலைமடையில் இருக்கிற விலையுயர்ந்த போனுக்கு முதலில் வரும். கடைமடையில் இருக்கிற மலிவுப் போனுக்குக் கடைசியில் வரும். பல போன்களுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு வரவே வராது. புதுப் போன் வாங்கு என்பார்கள். நடவுக் கூலியில் போன் வாங்கியவர் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எங்கே போவார்?

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. பொதுச் சாமானை வைத்து லாபம் சம்பாதிக்கும் பெரிய கம்பெனிகள் அதன் பராமரிப்புக்கு ஒழுங்காகப் பணம் கட்ட வேண்டும். தர்மமாக அல்ல, கூலியாக. அந்த நிதியை நடத்துவதில் பராமரிப்பவர்களுக்கு இடம் வேண்டும்.

2. ஓட்டை கண்டுபிடிக்கும் கம்பெனி அதை அடைக்கும் வேலையிலும் பங்கு எடுக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2024-ல் அமலுக்குக் கொண்டுவந்த சட்டம், பொதுச் சாமானைத் தன் சரக்கில் சேர்க்கும் கம்பெனி அதில் குறை கண்டால் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும், தான் செய்த திருத்தத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்துதான் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்றாலும், திசை சரியான திசை.

3. ஜெர்மன் சர்க்கார் 2022-ல் இத்தகைய பொதுச் சாமான்களைப் பராமரிக்கவென்றே நிதி ஏற்படுத்தியது. இந்திய சர்க்கார் 2015-ல் ஓப்பன் சோர்ஸ் சாமான்களை உபயோகிப்பது என்று கொள்கை அறிவித்தது. உபயோகித்தால் மட்டும் போதாது. பராமரிக்கவும் செலவிட வேண்டும்.

4. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் போன்களுக்கு அப்டேட் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்த விதி இந்திய ஏழையின் போனுக்கும் வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அப்டேட்டை அமுக்கலாமா? அமுக்குங்கள். வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சிலேயே அடைப்பு வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் பெரிதும் அடிபட்டார்கள். ஆனால் போனின் செட்டிங்கிலும் பிளே ஸ்டோரிலும் வரும் அப்டேட்டை மட்டும் அமுக்குங்கள். வாட்ஸ்அப்பிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும், "இதைத் தொட்டு அப்டேட் செய்" என்று வரும் சீட்டு எதையும் தொடாதீர்கள். அது திருடன் நீட்டும் கை. டேட்டா போதவில்லை என்றால், வைஃபை இருக்கிற சங்க ஆபீஸில் பத்து நிமிஷம் உட்கார்ந்து செய்துகொள்ளுங்கள். வயதான தோழர்களுக்கு இளைஞர்கள் செய்து கொடுக்க வேண்டும்.

பஞ்சாலையில் ஓடும் இயந்திரத்தைப் பார்க்கிறவன் நூலைத்தான் பார்க்கிறான். எண்ணெய் போட்ட கையை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கையை உலகம் பார்க்கும்படி செய்யத்தான் நாம் சங்கம் வைத்தோம். கம்ப்யூட்டருக்கு எண்ணெய் போடும் கைக்கும் அதே நியாயம்தான். போனில் அடுத்த அப்டேட் வரும்போது, அதற்குப் பின்னால் கூலியில்லாமல் கண் விழித்த ஒரு உழைப்பாளி இருக்கக்கூடும் என்பதைத் தோழர்கள் மறக்க வேண்டாம். அவருடைய கூலியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும் மறக்க வேண்டாம்.